சஃப்னா எதற்குக் கம்பஸ் போகவேண்டும்?

போன சனிக்கிழமை நெடுங்கேணியில் ரபீக் நானாவின் ஹாட்வெயார் கடைக்குப் போயிருந்தேன். வீட்டில் குழாய் ஒழுகுகிறது... இஞ்சினியரான என் வீட்டில்தான்!

பில் போடவேண்டிய நானா கேள்வி போட்டார்.

"தங்கச்சி, நீங்க படிச்ச ஆள், சொல்லுங்கோ. இவளுக்குக் கம்பஸ் கிடைச்சிருக்கு. யூனிவர்சிட்டியிலை இஞ்சினியரிங். பதிவு திங்களோட முடியுது. அவ்வளவு தூரம் போய்ப் படிச்சிட்டு, வேலை இல்லாமல் இந்தக் கடையிலைதானே வந்து நிக்கப்போறாள்? இப்பவே நிக்கிறாள்தானே!"

'இவள்' என்றது அவருடைய மகள் சஃப்னாவை. பைப் அடுக்கிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்:

"நான் போனால் கடையிலை தனிய நிக்கவேணும் எண்டு வாப்பாக்குக் கவலை. அதைமட்டும் சொல்லமாட்டார்."

"வாயைப் பாருங்கோ தங்கச்சி!"

அவள் ஏன் போகவேண்டும் என்று நான் மனதுக்குள் பட்டியல் போட்டேன். பழக்கதோஷம். ஒன்று, வேலை. என்னோடு படித்த பட்ச்சில் பலர் இன்னும் வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறார்கள். வெட்டினேன். இரண்டு, அறிவு. பைப் அளவுகளை என்னைவிட வேகமாகச் சொல்கிறாள் சஃப்னா. அதையும் வெட்டினேன். மூன்று... வரவேயில்லை.

அப்போது தோட்டக்காரர் ஒருவர் வந்தார். கிணற்றில் தண்ணீர் முப்பது அடிக்கு இறங்கிவிட்டதாம். மேலே பூட்டியிருக்கும் மோட்டர் இழுக்கவில்லையாம். அதைவிடப் பெரியது வேண்டுமாம்.

"பெரிசு எடுத்தும் பிரயோசனமில்லை அண்ணை," என்றாள் சஃப்னா. "அவ்வளவு ஆழத்துத் தண்ணியை மேலை இருந்து உறிஞ்சேலாது. தண்ணிக்குள்ளை இறக்கிற மோட்டர் எடுங்கோ."

அவர் சிரித்தார்.

"பிள்ளை, நீ பைப்பை அடுக்கு. நானா, நீங்க சொல்லுங்கோ."

நானா என்னைக் காட்டினார். "இவா இஞ்சினியர். இவாவைக் கேளுங்கோ."

"தண்ணிக்குள்ளை இறக்கிறதுதான் சரி," என்றேன்.

"ஓம், படிச்ச ஆக்கள் சொன்னால் சரி. அதையே தாங்கோ!"

சஃப்னா கையிலிருந்த பைப்பைக் கீழே வைத்தாள். வாப்பாவைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

தோட்டக்காரர் மோட்டரோடு போன பிறகு, நானா கொஞ்சநேரம் மேசையைத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசை.

"மகள், அந்தப் பதிவை இண்டைக்கே முடி."

இது நியாயமா? இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு பெண் சொல்லும் சரியான பதில் எடுபடுவதற்கு, ஒரு பட்டம் இன்னும் தேவைப்படுகிறது.

சஃப்னா சொன்னதைத்தான் நானும் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு நான்கு வருடம் பிடித்தது!