கதவைச் சாத்தச் சொன்ன பெட்டி

மயிலாப்பூரில் ஜஹனாரா ஏறாத மொட்டைமாடி இல்லை. ‘நிறைகுடம்’ கம்பெனியின் தொட்டிமணிக்குப் பதினான்கு வருஷமாக அந்த வட்டாரத்தில் அவள்தான் சர்வீஸ். மேல்தொட்டி நிரம்பினால் ‘மோட்டாரை நிறுத்துங்கள்’ என்று கத்துகிற சின்னப் பெட்டி. அது கத்தாத தெரு உண்டா சென்னையில்? மணி கெட்டுப்போனால் யாரும் கஸ்டமர் கேருக்குப் போன் போடுவதில்லை. நேரே ஜஹனாராவுக்குத்தான்.

ஒரே பொருளை வைத்துக்கொண்டு எத்தனை நாள் குண்டுச்சட்டியில் குதிரை ஓட்டுவது? புது ஃப்ளாட்டுகளில் மோட்டார் தானாகவே நின்றுவிடுகிறது. அதனால் கம்பெனி தொட்டியை விட்டு வீட்டு வாசல் கதவுக்கு வந்தது. கதவு இரண்டு நிமிஷத்துக்கு மேல் திறந்து கிடந்தால் குரல் கொடுக்கும் ‘கதவுக்காவல்’. நல்ல யோசனைதான், யார் இல்லையென்றது? ஆனால் புதுப் பிரிவுக்கு டிப்ளமோ படித்தவர்கள் மட்டும்தான் என்று நந்தனம் ஆபீசில் நோட்டீஸ் ஒட்டினார்களே, அங்கேதான் வயிறு எரிகிறது. ஜஹனாரா பிளஸ் டூவோடு நின்றவள். தொட்டிமணிப் பிரிவை மார்ச்சோடு மூடப்போகிறார்கள். அதோடு அவள் வேலையும் போகும்.

சோதனைக்காக மயிலாப்பூரில் நாற்பது வீடுகளில் கதவுக்காவலை மாட்டினார்கள். ஒரே மாதத்தில் முப்பத்தோரு வீடுகள் கழற்றி வைத்துவிட்டன. போனில் கேட்டால் எல்லாரும் ஒரே பாட்டு: “இப்போதைக்கு வேணாம்.” புதுப் பிரிவின் மேலாளர் பரத்வாஜ், முப்பது வயதுப் பிள்ளை, “அந்த லேடீஸுக்கு யூஸ் பண்ணத் தெரியல” என்று தீர்ப்பே எழுதிவிட்டான்.

ஆபீசில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஜஹனாராவுக்குச் சுருக்கென்றது.

“இன்னா சார் சொல்றீங்க? மெட்ரோ வாட்டர் எப்ப வரும், சம்ப்புல எவ்ளோ கீது, எல்லாத்தையும் மண்டையில வெச்சிக்கினு கீற பொம்பளைங்க சார். அவுங்களுக்கு ஒரு பொட்டி தெரியாதா? நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்.”

“ஒரு வாரம் பாருங்க. அப்பவும் சரியா வரலன்னா ப்ராடக்டையே நிறுத்திடுவோம்” என்றான் பரத்வாஜ்.

நான்கு நாள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். பெட்டி ஒழுங்காகத்தான் வேலை செய்தது. காபி கொடுத்தார்கள், அவள் மகளின் படிப்பை விசாரித்தார்கள், காரணத்தை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தான் இன்னும் போய்ப் பார்க்காத நேரம் எது என்று யோசித்தாள். விளக்கு வைக்கும் நேரம்! அந்த வேளையில் ஸ்க்ரூ டிரைவரோடு ஒரு வீட்டு வாசலில் போய் நிற்பது மரியாதை இல்லை என்று முதல் வருஷமே தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அது தொழுகைக்காக வீடு திரும்புகிற நேரம்.

வெள்ளிக்கிழமை அந்தச் சட்டத்தை மீறினாள். பெட்டியை இன்னும் கழற்றாத நீரஜா மாமியின் ஃப்ளாட்டுக்கு ஐந்தே முக்காலுக்குப் போனாள்.

“வாம்மா ஜஹனாரா, என்ன இந்த நேரத்துல? உக்காரு, விளக்கேத்திட்டு வந்துடறேன்.”

மாமி பால்கனிக் கதவைச் சாத்தினாள். வாசல் கதவை விரியத் திறந்து வைத்தாள். திரியைத் தூண்டி, ஏற்றி, கைகூப்பிக் கண்ணை மூடினாள். அவ்வளவுதான், பெட்டி அலறியது: “கதவு திறந்திருக்கிறது! உடனே சாத்துங்கள்!” ஒருமுறையா? மூன்று முறை!

மாமிக்கு முகம் சிவந்துவிட்டது. “பாத்தியோன்னோ? மஹாலக்ஷ்மி ஆத்துக்குள்ள வர்ற நேரம். சாத்து சாத்துன்னு அவ மூஞ்சிலயே அடிக்கறது! கேக்க நன்னாவா இருக்கு?”

“இத போன்லயே சொல்லிருக்கலாமே மாமி?”

“போன்ல ஒரு பொண்ணு ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடுங்கறா. இதுக்கு என்ன மார்க் போடறது? சொன்னா சிரிப்பா.”

ஜஹனாராவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அதற்கு மேலே சந்தோஷம் தாங்கவில்லை.

திங்கட்கிழமை பரத்வாஜ் முன்னால் உட்கார்ந்தாள். “சாயங்காலம் விளக்கு வெக்கிற நேரத்துல ஒரு மணி நேரம் அது வாயத் தொறக்கக் கூடாது சார். எப்பன்னு வீட்டுக்காரங்களே நேரம் வெச்சிக்கட்டும்.”

“அந்த நேரத்துல எதுக்குக் கதவத் திறந்து வைக்கறாங்க?”

“நல்லா கேட்டீங்க சார்! உங்க வீட்ல அம்மா வெக்க மாட்டாங்களா?”

அவன் அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டான். வைத்தபோது முகத்தில் அசடு வழிந்தது. “ஆறு மணிக்கு நான் வீட்ல இருந்ததே இல்ல” என்றான்.

இரண்டே நாளில் பெட்டியைத் திருத்தினார்கள். கழற்றிய வீடுகளில் இருபத்தெட்டு வீடுகள் மறுபடி மாட்டிக்கொண்டன. எம்.டி. அறிக்கை கேட்டார். ஜஹனாரா இரண்டு பக்கம் எழுதி எடுத்துவந்தாள். கீழே அவள் பெயர் இருந்தது. பதவி என்ற இடமும் கையெழுத்தும் காலி.

“இது ஏன் காலியா இருக்கு?” என்றான் பரத்வாஜ்.

“தொட்டிமணி சர்வீஸ்னு போட்டா, கதவப் பத்தி எழுத இவ யாருன்னு கேப்பாங்க சார். இன்னா போடணும்னு நீங்களே எழுதுங்க. அப்பால நான் கையெழுத்துப் போடுறேன்.”

“டிப்ளமோ ரூல் இருக்கே...”

“ரூலு போட்டவங்களுக்குத்தான சார் இது தெரியல?”

அவன் பேனாவை எடுத்து, ‘உதவிக் கள மேலாளர், கதவுக்காவல் பிரிவு’ என்று எழுதித் தந்தான். ஜஹனாரா நிதானமாகப் படித்தாள். தாளை அவன் பக்கமே தள்ளினாள்.

“அந்த ‘உதவி’ய அடிச்சிருங்க சார்.”

அடித்தான். அவன் கையிலிருந்த பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.