வாசற்படிக்கு மணிக்கொரு போட்டோ

மனிதர்கள் வாயால் சொல்வது எதையும் சேசுராஜ் நம்பியதில்லை. சோறு வெந்துவிட்டது என்று ரோசம்மா சொன்னாலும், ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். பம்பாயில், செம்பூர்ப் பக்கம் ஒரு பாக்டரியில் ஃபிட்டர். அளந்து பார்க்க முடியாதது பொய் என்பது அவர் கட்சி. அப்பேர்ப்பட்டவரை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்துமூன்றாம் வருஷம் ஓர் அதிகாரி கேட்டுவிட்டார்: "உன் பேச்சை எப்படி நம்புவது?"

தாராவியின் விளிம்பில், கடற்கழியை ஒட்டியிருந்தது அவர் குடிசை. கடல் ஏறும் நாளில் தண்ணீர் புகும் குடிசைகளுக்கு நம்பர் தகடு கிடையாது, தகடில்லாததைப் பிரித்துவிடுவோம் என்று சர்வேக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். தன் வாசற்படியைத் தண்ணீர் தொட்டதே இல்லை என்று சேசுராஜ் தமிழிலும் இந்தியிலும் சத்தியம் செய்தார். சத்தியம் வேண்டாம், போட்டோ கொண்டு வா என்றார் அதிகாரி. அதுவும் ஒன்று போதாது. தண்ணீர் வடிந்த நேரத்தில் எடுத்தால் எல்லா வீடும் மேட்டில்தான் இருக்கும். பெரிய ஏற்றம் வருகிற நாளில், காலையிலிருந்து சாயங்காலம் வரை, ஒரே இடத்திலிருந்து மணிக்கொன்று வேண்டும்.

"எதுக்கு இந்த வம்பு?" என்றாள் ரோசம்மா. "உச்சிப்பொழுதுக்குத் தண்ணி உள்ள வருதுன்னு வருஷா வருஷம் சொல்லுதேம்லா. வாரியலால தள்ளித் தள்ளி எனக்கு இடுப்பே கழண்டு போச்சு."

"ஏட்டி, கொடத்துத் தண்ணியச் சிந்திப்புட்டு கடல் மேல பழி போடாத."

மழைக்காலத்துப் பெரிய ஏற்றம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நடுப்பகலில் வரும். பகல் ஷிப்டுக்காரருக்கு நடுப்பகல் என்பது பாக்டரியின் சாப்பாட்டுச் சங்கு. சாயங்காலம் வீடு திரும்பினால் தரை துடைத்து வைத்தாற்போல இருக்கும். ஏன் அவ்வளவு சுத்தம் என்று அவர் யோசித்ததில்லை.

லீவு போட்டு அவரே எடுத்திருக்கலாம். அந்த அதிகாரியைத் தேடி அலைந்ததிலேயே லீவெல்லாம் தீர்ந்திருந்தது. ரோசம்மா கையில் கொடுத்திருக்கலாம். அதைவிடக் கேமரா தானாகவே எடுப்பது நம்பகமானது என்று அவருக்குப் பட்டது. தானாக எடுக்கும் சீமை யந்திரம் ஒன்று கோட்டைப் பகுதிக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. விலையைக் கேட்டுவிட்டு வெளியே வந்தவர், நேரே உடைசல் சாமான் விற்கும் சோர் பஜாருக்குப் போய் ஒரு பழைய பெட்டிக் கேமராவை வாங்கிவந்தார்.

முதலில் அலாரக் கடிகாரம். அலாரம் அடிக்கும்போது பின்னாலுள்ள சாவி சுற்றும். அதில் நூலைக் கட்டினால் கேமராவின் நெம்புகோலை இழுக்கும். இழுத்தது. ஆனால் அலாரம் அரை நாளுக்கு ஒரு தடவைதான் அடிக்கும். மணிக்கொரு படம் என்றால் மணிக்கொரு கடிகாரம் வேண்டும். தெருவில் மொத்தம் மூன்று கடிகாரங்கள் இருந்தன. அதில் ஓடியது இவருடையது.

அடுத்தது பெரிய முள். கடிகாரக் கண்ணாடியைக் கழற்றி, பன்னிரண்டின் மேல் ஓர் ஆணியை நிறுத்தினார். மணிக்கொரு தடவை முள் வந்து ஆணியைத் தொடும். தொட்டால் டார்ச் பாட்டரியின் கரண்ட் பாய்ந்து, பழைய காலிங்பெல்லின் காந்தம் நெம்புகோலை இழுக்கும். நெம்புகோல் திரும்பும்போது ஒரு கொக்கி விலக, கயிற்றில் தொங்கும் இரும்புக்கட்டி கொஞ்சம் இறங்கி ஃபிலிமைச் சுற்றிவிடும். எல்லாவற்றையும் மரப்பெட்டியில் அடக்கி, எதிர்க் கம்பத்தில் தன் வாசலைப் பார்க்க வைத்து, ஆயில் துணியால் மூடினார். அமாவாசையன்று ஏற்பாடு தயார்.

மாட்டுங்காவில் ஸ்டூடியோ வைத்திருந்த அனந்தநாராயணன், கழுவிய ஃபிலிமை விளக்கில் தூக்கிப் பார்த்தார்.

"என்ன ஓய், ஒரு நாள் பூராவையும் ஒரே படத்துல திணிச்சிருக்கீர்? உம்ம சம்சாரம் இதுல நாலு பேரா நிக்கறா."

"ஒருத்தியையே சமாளிக்க முடியல சார்."

"மீதி ஃபிலிம் அப்படியே வெறுமையா இருக்கு. சுத்தவே இல்லை."

மழை ஈரத்தில் கொக்கி துருப்பிடித்து இரும்புக்கட்டி இறங்கவில்லை.

"தண்ணி வாசப்படி மேல தெரியறதே, ஓய்?"

"அது படத்து மேல படம் விழுந்த கோளாறு சார்."

பௌர்ணமிக்குள் கொக்கியைப் பித்தளையில் செய்தார். கட்டிக்கு எண்ணெய் விட்டார். பௌர்ணமியன்று பாக்டரியில் மணியடித்தபோதெல்லாம் கம்பத்தில் கேமராவும் இழுபடுவதாக நினைத்து, இரண்டு போல்ட்டுகளின் மரையைக் கெடுத்தார்.

இந்த முறை எல்லாம் வேலை செய்தது. அதுதான் கஷ்டம். படங்கள் தனித்தனியாக, பளிச்சென்று விழுந்திருந்தன. காலையில் வாசல் உலர்ந்து கிடந்தது. பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் படியைத் தாண்டி உள்ளே போயிருந்தது. ரோசம்மா சேலையை முழங்கால் வரை செருகிக்கொண்டு, குனிந்து, வாரியலால் கடலை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு மணிப் படத்தில் நிமிர்ந்து, இடுப்பில் கையை ஊன்றி, நேரே கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாலைப் படத்தில் தரை சுத்தம்.

சேசுராஜ் வீட்டு விளக்கடியில் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தார்.

"லென்ஸ் சரியில்ல," என்றார். "சோர் பஜார் சாமான்."

"அப்போ நானும் சோர் பஜார் சாமானா?" என்றாள் அவள்.

யார் சொல்லையும் நம்பாமல் கேமராவை நம்பியவர், கேமரா சொன்னதும் அதையும் தான் நம்பாதவற்றின் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

அதிகாரி வந்த அன்று படங்கள் சேசுராஜின் சட்டைப்பைக்குள் இருந்தன. கேட்டபோது, கேமரா கெட்டுவிட்டதென்று கையை விரித்து, "கேமரா கராப், சாப்," என்றார். அப்போதுதான், வருஷா வருஷம் தண்ணீர் வருகிறது என்று கரடியாகக் கத்திய ரோசம்மா முன்னால் வந்து, தொண்டையைத் தொட்டு, தண்ணீர் ஒருநாளும் வந்ததில்லை என்று இந்தியில் சத்தியம் செய்தாள்.

"மாதா சத்தியமா பாணி நஹீ ஆத்தா, சாப். கபி நஹீ."

அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தகடு இப்போது இல்லை, பிரிப்பதும் இப்போது இல்லை. அடுத்த மழைக்கு நல்ல கேமராவில் எடுத்துக் காட்டு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சேசுராஜ் எங்கிருந்தோ கூடை கூடையாக இடிந்த செங்கல் சுமந்து வந்து வாசலில் கொட்டினார். வேர்த்து ஊற்றியது. அவர் கேட்பதற்கு வெட்கப்பட்ட கேள்வியைக் கடைசியில் கேட்டுத்தான் ஆகவேண்டியிருந்தது.

"எவ்வளவு ஒசரம் வரும்?"

ரோசம்மா குனிந்து, கணுக்காலுக்கு மேல் நாலு விரல் வைத்துக் காட்டினாள்.

"அவ்வளவெல்லாம் இருக்காது," என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ப் பன்னிரண்டு மணிப் படத்தை எடுத்துவந்து, இரும்பு அடிக்கோலால் அளக்க ஆரம்பித்தார்.