மரக்காணத்தில் தேடிய கசப்பு

எங்கள் காஸ்டிக் சோடா ஆலையில் உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சித்தான் சரக்கு எடுக்கிறோம். உப்பில் மக்னீசியம் கூடினால் செல்கள், அதாவது மின்பகுப்புத் தொட்டிகள், கூடுதலாக மின்சாரம் குடிக்கும். மூன்று மாதத்துக்குள் மின்செலவைக் குறைக்காவிட்டால் பழைய பிரிவை மூடிவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். அங்கே முப்பது பேர் வேலை பார்க்கிறார்கள். இயந்திரத்தை இரண்டு முறை பிரித்துப் பார்த்தாயிற்று, பலனில்லை. இனி உப்பையே பார்த்துவிடுவது என்று 2005 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். விடுப்பு கேட்டால் ஆயிரம் கேள்வி வரும்.

கோயம்பேட்டில் காலை நாலரைக்குப் பாண்டிச்சேரி பஸ். ஈ.சி.ஆர். வழி, டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய், மூன்று மணி நேரம். வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள், வெயில் படாது. மரக்காணத்தில் இறங்கி உப்பளத்துக்கு ஆட்டோவில் மூன்று கிலோமீட்டர், முப்பது ரூபாய். டிரைவர் நாற்பது கேட்டார். நான் இறங்குவது போல் பாவனை செய்ததும் வழிக்கு வந்தார்.

எங்களுக்கு உப்பு அனுப்பும் கூனிமேட்டு வியாபாரி காசிம் பாய் வரப்பில் காத்திருந்தார். போனில் பேசியதோடு சரி, நேரில் அன்றுதான் பார்த்தோம். பையிலிருந்த சோதனைக் குப்பிகளை எடுத்தேன். கரைத்த உப்பில் சொட்டுச் சொட்டாக மருந்து விட வேண்டும், சிவப்பு நீலமாக மாறும்வரை. சொட்டு கூடினால் மக்னீசியம் கூடுதல். அன்று வாரிய உப்புக்கு இருபத்து மூன்று சொட்டு. நான்கு பாத்திகளில் பார்த்தேன், எல்லாம் ஏறக்குறைய அதேதான். ஒன்பது மணிக்கே தலை கொதித்தது. ஆனாலும் வெறுங்கையோடு திரும்புவதாக இல்லை.

உப்பு வாரிக்கொண்டிருந்த அஞ்சலை என்ற பெண், நான் பாத்தி பாத்தியாக அலைவதைப் பார்த்துச் சிரித்தார். வீட்டுச் சமையலுக்கு எந்த உப்பை எடுத்துப் போவீர்கள் என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"இதையா? இது கசக்கும் சார். அதோ, போன வருசத்து அம்பாரம். ஓலை வழியா கசிஞ்ச மழையில கசப்பெல்லாம் கீழ எறங்கிடுச்சு. நாங்க அதைத்தான் எடுத்துட்டுப் போறோம்."

உப்பைக் கசக்க வைப்பது மக்னீசியம்தான். பனையோலை மூடிய அந்தக் குவியல் மேலே சாம்பல் நிறமாக இருந்தது. ஒரு சாண் தோண்டி எடுத்துச் சோதித்தேன். ஒன்பது சொட்டு! நம்பாமல் இன்னொரு முறை செய்தேன். அப்போதும் ஒன்பதுதான்.

இதை ஏன் எங்களுக்கு அனுப்பவில்லை என்று பாயிடம் சற்றுக் கோபமாகவே கேட்டேன்.

"உங்க கம்பெனியிலதான் எழுதிக் குடுத்துருக்காங்களே சார். வாரின ஏழு நாள்ல லாரி ஏத்தணும், பழசு வேணாம்னு. எவனோ ஏசி ரூம்ல உக்காந்து எழுதிட்டான்."

மூன்று வருடத்துக்கு முன், குவியலில் தூசி படியும் என்று பயந்து அந்த விதியை எழுதியவன் நான். வெட்கமாக இருந்தது. "நான்தான் பாய் எழுதினது" என்றேன். அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்து, சோதனைக்கு இரண்டு லாரி பழைய உப்பு கேட்டேன். நன்றாகத் திட்டினார், பிறகு அனுமதித்தார்.

போகிறவர்களுக்கு: பத்து மணிக்கு வேலை முடிந்துவிடும், அதற்குள் போய்விடுங்கள். தொப்பியும் இரண்டு லிட்டர் தண்ணீரும் கட்டாயம். ஷூ போட்டுக்கொண்டு பாத்தியில் இறங்காதீர்கள். முக்கியமாக, கருவியை வெளியே எடுக்கும் முன் அங்கே வேலை செய்பவர்களிடம் பேசுங்கள். நான் இரண்டு மணி நேரம் வீணாக வெயிலில் காய்ந்தேன்.

மேனேஜர் கொடுத்த கெடு போன வாரம் முடிந்தது. மின்செலவு இறங்கிவிட்டது, பழைய பிரிவு ஓடுகிறது. புதிய விதியில் ‘ஒரு மழைக்காலமாவது கண்ட உப்பு’ என்று இருக்கிறது. அதை மேனேஜரிடம் கொடுக்கும் முன் மறுபடி மரக்காணம் போய் அஞ்சலைக்குப் படித்துக் காட்டி, சரியா என்று கேட்டுக்கொண்டேன்.