கறுத்த மூன்று உருண்டைகள்

காலையில் ஆபீசுப் பூட்டைத் திறந்ததும் பாப்பாத்தி விளக்குமாற்றைத் தொடுவதில்லை. மேசைமேல் இருக்கும் பன்னிரண்டு தட்டுகளின் மூடியைத் தூக்கி, ஒவ்வொரு மாவுருண்டையின் முகத்தையும் பார்ப்பாள். கறுத்திருப்பதை எடுத்துத் தன் தூக்குப்போசியில் போட்டுக்கொள்வாள். அதே எண் ஒட்டிய டப்பாவிலிருந்து ஒரு பிடி மாவு அள்ளிப் பிசைந்து, வெள்ளையாக ஒன்றை அங்கே உட்காரவைப்பாள். கூட்டுவதெல்லாம் பிறகுதான்.

மலைமேல் அரியூர் நாட்டில் அவளுக்குத் தெரியாத சொந்தம் கிடையாது. அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் ஏறுகிற யாரோ ஒருவர் மூக்கைப் பார்த்தே, "ஏனுங்க, நீங்க தனபாலு சின்ன மாமியா வகையறாவுங்களா?" என்பாள். பாதி வழியில் அவர் ஆமாம் என்று ஒத்துக்கொள்வார்.

கீழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்த கோதுமை ஆராய்ச்சிக்காரி ஸ்டெல்லாவுக்கும், சொல்லப்போனால், அதே வேலைதான். இலையைக் கிள்ளி ஆய்வகத்துக்கு அனுப்புவாள். பிசைந்த மாவைக் கறுக்கவைக்கும் நொதி எந்த ரகத்தில் அதிகம் என்று மரபணு அடையாளம் காட்டிக்கொடுக்கும். காட்டியது நிசந்தானா என்று பார்க்கத்தான் இந்த உருண்டைகளைத் தினமும் புதிதாய்ப் பிடித்து ஒரு நாள் முழுக்க மூடி வைப்பது. மூன்று ரகம் கறுக்கும் என்றது அடையாளம். மூன்று வாரமாகியும் ஒன்றுகூடக் கறுக்கவில்லை. பெரிய ஆபீசர் இன்றைக்குக் காலையில் முதல் வேலையாக வருகிறார். இப்படியே இருந்தால் ஆராய்ச்சியை இழுத்து மூடிவிட்டுத்தான் மலை இறங்குவார்.

மனசு கேளாமல் ஸ்டெல்லா வழக்கத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். பாப்பாத்தியின் கையெல்லாம் ஈரமாவு.

"என்னக்கா பண்றீங்க?"

"நேத்து வெச்சது கறுத்துப்போச்சுங்க. ஆபீசரு பாத்தா உங்க மானம் போயிருமில்ல கண்ணு? தெனமும் நாந்தான் மாத்தி வெக்கறேன்."

ஸ்டெல்லா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். "கறுத்ததையெல்லாம் என்ன செஞ்சீங்க?"

"சுட்டுத் தின்னுபோட்டேன். திங்கறத எறியலாமுங்களா? எங்கூட்டுக் களி அதவிடக் கருப்பு."

"எதெது கறுத்துச்சுன்னு ஞாபகம்..."

"எப்பவும் நாலு, ஒம்போது, பதினொண்ணுங்க. நாலும் ஒம்போதும் ஒரு தாய் வயித்துப் புள்ளைங்க, ஓரத்துல இருந்தே கறுக்கும். பதினொண்ணு பங்காளி வகை. கொஞ்சம் மசமசன்னுதான் கறுக்கும்."

ஸ்டெல்லா செல்போனில் ஆய்வகப் பட்டியலைத் திறந்தாள். நாலு, ஒன்பது, பதினொன்று. நாலுக்கும் ஒன்பதுக்கும் தாய் ரகம் ஒன்றே.

"பழசை எடுத்து வைங்கக்கா. கறுத்தாத்தான் என் வேலை நெலைக்கும். இனிமேல் தொடாதீங்க."

"சரீங்க சாமி." போசியிலிருந்த மூன்றும் தட்டுக்குத் திரும்பின.

கொண்டை ஊசி வளைவில் ஜீப் முனகியது. ஸ்டெல்லா வாசலுக்கு ஓடினாள். பாப்பாத்தி முன்னும் பின்னும் பார்த்தாள். பெண் பார்க்க வந்துவிட்ட வீட்டில் கடைசி நேரத்துக்குப் பவுடர் பூசுகிற மாதிரி, உலர்ந்த மாவை ஒரு சிட்டிகை எடுத்து, நாலாம் நம்பர் உருண்டையின் கன்னத்தில் மெல்ல ஒற்றிவிட்டாள்.