சிற்பமாகிப்போன சந்திரிகைகள்

ராமக்காளுக்கு அவள் புருஷன் மாதையன் மேல் வந்த கோபம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. பின்னே என்ன? அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த ஒரே ஒரு நாளில், வீட்டிலிருந்த ஐம்பது சந்திரிகைகளையும் வண்டியேற்றித் தர்மபுரிக்கு அனுப்பிவிட்டிருந்தான் அந்த மனுஷன்.

சந்திரிகை என்றால் பட்டுப்புழு கூடு கட்டுகிற தட்டு. ஆள் உயர மூங்கில் பாயின்மேல் மூங்கில் பட்டையைச் சுருள் சுருளாக நிறுத்திக் கட்டியிருப்பார்கள். புழு வளர்க்கிற வீட்டில் அது இல்லையென்றால் பாடுபட்டதெல்லாம் பாழ்.

மொரப்பூர் பக்கத்து ஊரில் இரண்டு ஏக்கர் மல்பெரியை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருஷமாகப் புழு வளர்க்கிறவள் ராமக்காள். தம்பி கல்யாணத்தில் தாலி ஏறியதும் பந்திக்குக்கூட உட்காராமல் ஓடிவந்து புழுவுக்குத் தழை போட்டவள். புகையும் வாசனையும் புழுவுக்கு ஆகாது என்று அவள் வீட்டில் கொசுவத்தி கிடையாது, ஊதுபத்தி கிடையாது, பவுடர் பூசிய பிள்ளைகள் புழு மனைப் பக்கமே வரக்கூடாது. "புழுவுக்கு ஏதுங்க லீவு?" என்பாள், யார் எதற்குக் கூப்பிட்டாலும். ஊரில் அவளைப் புழுக்காரி என்றுதான் சொல்வார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மாதையனிடம் வந்து கேட்டது கவிப்பிரியா. ஏரியூர்ப் பெண். சென்னையில் சிற்பம் படித்தவள். தர்மபுரியில் புதிதாகக் கட்டிய கலைக்கூடத்தில் இந்தத் தட்டுகளை அடுக்கி இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு சிற்பம் நிறுத்தப் போகிறாளாம். "இது வெறும் தட்டு இல்லீங்கண்ணா, இதுவே ஒரு கலை," என்று ஒரு வார்த்தை சொன்னாள். அவ்வளவுதான், ஆள் உச்சி குளிர்ந்துபோய்விட்டான். பதினைந்தே நாள், அடுத்த புழு வளர்வதற்குள் திரும்பி வந்துவிடும் என்று பேச்சு.

பதினைந்து நாளாம்! திறந்துவைக்க வேண்டிய சிறப்பு விருந்தினர் ஒரு முறை தள்ளிப்போட்டார், அப்புறம் இன்னொரு முறையும் தள்ளிப்போட்டார். புழு தள்ளிப்போடுமா? இளம்புழு மையத்திலிருந்து வந்த குஞ்சுப் புழுக்கள் நாலாவது தோலும் உரித்து, விரல் நீளம் வளர்ந்து, தழையை வெறிகொண்டு தின்று, ஒரு திங்கட்கிழமை காலையில் தின்பதை நிறுத்தித் தலையைத் தூக்கிப் பார்த்தன. உடம்பு மஞ்சளோடி மினுங்கியது. பழுத்துவிட்டன. பழுத்த புழு கூடு கட்ட இடம் தேடும். அன்றைக்கே தட்டில் விடாவிட்டால் தழைக் குப்பையிலேயே நூலைக் கக்கி வீணாகிவிடும். ஊரில் யாரிடம் இரவல் கேட்பது? எல்லாரும் ஒரே மையத்தில் ஒரே நாளில் புழு வாங்கியவர்கள். எல்லார் வீட்டுப் புழுவும் அன்றைக்கே பழுத்திருந்தது.

"ஏன்யா, உன்னைய வெச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது?" என்று மாதையனைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பஸ் ஏறினாள்.

கலைக்கூடத்துக்குள் போனவள் அண்ணாந்து பார்த்தாள். இரும்புச் சட்டத்தில் அவளுடைய தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்து, கூரை வரைக்கும் மலைபோல ஏறியிருந்தன. ஏறி இறங்குகிற சாரம்கூட இன்னும் பிரிக்கப்படவில்லை. அழகாகத்தான் இருந்தது. அது அவள் எரிச்சலை இன்னும் கிளப்பியது.

பொறுப்பாளர் மதியழகன் கையைப் பிசைந்தார். "பதிவேட்டுல சிற்பம்னு ஏறிடுச்சுங்கம்மா. வெளிய அனுப்பணும்னா மேலிடத்து உத்தரவு வேணும்ங்க."

"சிற்பமா? போன மாசம் அதுல எங்கூட்டுக் கோழி முட்டை வெச்சுதுங்க!"

"இருக்கலாமுங்க. ஆனா இப்ப சிற்பமுங்க."

"அந்த உத்தரவு எப்பங்க வரும்?"

"வாரத்துக்குள்ள வந்துருமுங்க."

வாரமாம்! சாயங்காலம் வரைக்கும் தாங்காத புழுவுக்கு வாரக் கணக்கு. பதினெட்டு நாள் விடிந்ததிலிருந்து இருட்டுகிற வரை வெட்டிப் போட்ட தழை, இடுப்பொடியக் கூட்டிய புழுச்சாணி, எல்லாம் ராமக்காளின் கண்முன் வந்தன. அழுகைதான் வந்தது. முந்தானையால் மூக்கைச் சிந்தியவள், சட்டென்று நிமிர்ந்தாள்.

"வெளிய எடுக்கத்தான கூடாது? உள்ள விடக் கூடாதுன்னு எதுலயாச்சும் எழுதியிருக்குதா?"

மதியழகன் பதிவேட்டைப் புரட்டினார். அப்படி எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

உடனே மாதையனுக்குப் போன். "யோவ், புழு மொத்தத்தையும் கூடையில அள்ளிப் போட்டுக்கிட்டு இங்க வா. வர்ற வழியில எவன்கிட்டயும் நின்னு பேசிக்கிட்டு இருக்காத!"

மூன்று மணிக்குள் வண்டி வந்தது. கூலிக்கு வந்த இரண்டு பெண்களோடு சாரத்தில் ஏறி, பொழுது சாய்வதற்குள் நாற்பதாயிரம் புழுவையும் சுருள் சுருளாக விட்டு முடித்தாள். பளிச்சென்று அடித்த விளக்குகளை அணைக்கச் சொன்னாள். ஏசியை நிறுத்தி ஜன்னல்களைத் திறக்கவைத்தாள். பன்னீர் மணக்க வந்த ஒரு ஆபீசரை வாசலோடு திருப்பி அனுப்பினாள். கவிப்பிரியாவோ கன்னத்தில் கைவைத்துப் பூரித்துப்போய் நின்றாள். "அக்கா, இப்பதான் என் சிற்பத்துக்கு உசுரு வந்திருக்கு!"

"உன் சிற்பத்துக்கு வந்துது. எனக்குப் போயிருக்கும்," என்றாள் ராமக்காள்.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. சுருளெங்கும் வெள்ளை வெளேரென்று கூடுகள். ஒன்றைப் பிய்த்துக் காதோரம் வைத்து ஆட்டினாள். உள்ளே கூட்டுப்புழு கடகடவென்று ஆடியது. முற்றிய கூடுதான். அப்பாடா என்றிருந்தது. அன்றைக்கென்று பார்த்துத்தான் சிறப்பு விருந்தினருக்கும் நேரம் கிடைத்திருந்தது.

"அக்கா, இன்னும் பத்து நாள் அப்படியே இருக்கட்டுங்கக்கா. ஜனங்க பார்க்கட்டும்," என்று கவிப்பிரியா கெஞ்சினாள்.

"பத்து நாள் விட்டா பூச்சி ஓட்டை போட்டுக்கிட்டு வெளிய வந்துரும் கண்ணு. ஓட்டைக் கூட்டை எந்த மார்க்கெட்டுல வாங்குவாங்க? தட்டை வேணா நீயே வெச்சுக்க. கூட்டை நான் இன்னிக்கே பிச்சாகணும்."

சொல்லிவிட்டு அடித்தட்டுகளின் முன்னால் கூடையை வைத்து உட்கார்ந்துவிட்டாள். வாசலில் ரிப்பன் வெட்டினார்கள். விருந்தினரும், பட்டுப் புடவைகளும், காலேஜ் பிள்ளைகளுமாக நூறு பேர் உள்ளே வந்தார்கள். ராமக்காள் தலை நிமிரவில்லை. அவள் விரல்கள் பாட்டுக்குக் கூடுகளைப் பிய்த்து வழித்துக் கூடையில் தள்ளிக்கொண்டிருந்தன. யாரோ ஒருவர் கை தட்டினார். உடனே கூடமே சேர்ந்து தட்டியது. போன்கள் உயர்ந்தன. மாதையன் வேறு, அவள் பக்கத்தில் வந்து நின்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

ராமக்காளுக்கு வந்ததே ஆத்திரம். எழுந்து நின்றாள்.

"இருபத்திரெண்டு வருசமா இதைத்தாங்க பிச்சுக்கிட்டு இருக்கறேன். இவ்வளவு நாளும் எங்க இருந்தீங்க எல்லாரும்? கை தட்டுற நேரத்துல ஆளுக்கு ஒரு தட்டு பிச்சுக் குடுத்தீங்கன்னா பொழுதுக்குள்ள நான் ஊர் போய்ச் சேருவேன்!"

விருந்தினர் மதியழகனைப் பார்த்தார். மதியழகன் கத்தரிக்கோல் வைத்திருந்த தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டார். அடுத்து இரண்டு காலேஜ் பெண்கள் உட்கார்ந்தார்கள். அப்புறம் ஒரு பட்டுப் புடவை, அப்புறம் மாதையன். கடைசியில் விருந்தினரும் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்து, ஒரு கூட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்.

"அமுக்காதீங்க," என்று அவரை அதட்டினாள் ராமக்காள். "உள்ள உசுரு இருக்குது."