தொட்டிக்குப் போன மாத்திரை

ரேஷன் அரிசியைக் களைந்தபோது நாலைந்து மணிகள் மட்டும் மிதந்தன. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தன. இரும்புச்சத்து சேர்த்த அரிசி என்றார் கடைக்காரர். எனக்கென்னவோ பிளாஸ்டிக் என்றுதான் பட்டது. பொறுக்கித் தனியே வைத்தேன்.

அம்மாவும் இப்படித்தான். வெள்ளகோவிலில் நான் சிறுமியாக இருந்தபோது, நர்ஸ் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகளை மாட்டின் கழுநீர்த் தொட்டியில் போட்டுவிடுவாள்.

"இது புள்ள நிக்காமப் பண்ற மாத்திரை கண்ணு. நர்ஸம்மாகிட்டச் சொல்லிப்போடாதே."

தண்ணீரில் சிவப்பு கரையும். மாடு மோந்து பார்த்துவிட்டுக் குடிக்கும். அம்மாவோ ஈர மண்சுவரைச் சுரண்டி, யாரும் பார்க்காதபோது வாயில் போட்டுக்கொள்வாள். நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். ரத்தம் குறைந்தால் வாய் மண் கேட்கும் என்று நர்ஸ் சொன்னதையும் அவள் நம்பவில்லை.

பொறுக்கியதை வைத்துவிட்டுத் திரும்பினால், என் நாலு வயது மகளின் உதடெல்லாம் நீலம். நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் துணிக்குக் கோடு போடும் நீலச் சாக்கட்டி ஒன்று என் பையில் வந்திருந்தது. அதில் பாதியைக் காணோம்.

"நல்லா இருக்குதுங்கம்மா" என்றாள்.

அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்திருந்தது.

பொறுக்கிய அரிசியைப் பானையில் திரும்பப் போட்டேன். சந்தேகம் போகவில்லை. ஆனால் அம்மாவும் கடைசிவரை சந்தேகப்பட்டுத்தான் செத்தாள்.