கைகாட்டி மேஜர்

மேஜர் மீது டிரைவருக்கு இருந்த கோபம் இன்று நேற்று வந்ததல்ல. லாரியைப் பின்னால் எடுக்க வேண்டி வந்தால் போதும், பக்கத்து இருக்கையிலிருந்து அந்த மனுஷன் இறங்கிவிடுவார். வெயிலோ மழையோ, பின்னால் போய் நின்று, வா, வா, நில் என்று கை காட்டுவார். குறுகலான சந்திலும் அதே கதைதான், ஆளே இல்லாத பொட்டல் மைதானத்திலும் அதே கதைதான். உனக்கு ஓட்டத் தெரியாது என்று ஊரைக் கூட்டிச் சொல்வதுபோல் டிரைவருக்கு இருக்கும்.

ஷெட்டில் மற்ற டிரைவர்கள் சும்மா விடுவார்களா? “என்ன மாமா, உன் வண்டியில கண்ணாடிக்குப் பதிலா மேஜரை மாட்டியிருக்காங்களாமே?” என்பார்கள். கைகாட்டி மேஜர் என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான்.

பட்டாளத்தில் விதியே அதுதான். வண்டி பின்னால் நகர்ந்தால், அதில் இருக்கும் அதிகாரி இறங்கி வழி காட்ட வேண்டும். எல்லா அதிகாரியும் படித்த விதி. கடைப்பிடித்தவர் இவர் ஒருவர். தன்னிடம் வேலை பழக வந்த புது லெப்டினன்ட்டுக்கு அவர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. இறங்கும்போது அவனை ஒரு பார்வை பார்ப்பார். அவனும் இறங்குவான்.

அன்று நல்ல மழை. மேஜர் வரவில்லை. மூட்டைகளை இறக்க லாரி சமையல்கூடத்து வாசலில் திரும்பியதும், லெப்டினன்ட் கதவில் கை வைத்தான்.

“உக்காருங்க சார். எதுக்கு நனையணும்? கண்ணைக் கட்டிவிட்டாலும் இந்த வாசல் எனக்குத் தெரியும்.”

“இல்லண்ணே, மேஜர்...”

“மேஜர் இப்ப எங்க இருக்காரு? சும்மா உக்காருங்க.”

அவன் சிரித்துக்கொண்டே கையை எடுத்துவிட்டான். டிரைவருக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கை ஒடித்தார். பின்சக்கரம் எதன் மேலோ ஏறி இறங்கியது. அப்புறம்தான் அலறல் கேட்டது. அடைத்துக்கொண்ட சாக்கடையைக் குத்திவிடக் குனிந்திருந்த சமையல்காரரின் பாதம் அது.

லெப்டினன்ட்டை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. விசாரணையில் அவன், “நான் இறங்கலை சார். தப்பு என்னோடது” என்றான். உட்காரச் சொன்னது யார் என்று மூச்சு விடவில்லை. சுவரோரம் விறைப்பாக நின்ற டிரைவர், இதோ சொல்லிவிடலாம், இதோ சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே நின்றார். அவரிடம் பிரேக் பிடித்ததா என்று மட்டும் கேட்டார்கள். பிடித்தது என்றார்.

மேஜர் முன்னால் வந்தார். “அவனைப் பழக்கினது நான் சார். நான் இருந்தா இறங்குறான், இல்லாட்டி இறங்கலைன்னா, நான் கத்துக்குடுத்தது விதியை இல்ல, என் மூஞ்சியை. என் பேரை எழுதுங்க.”

பையன் தப்பித்தான். மேஜருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. கொஞ்ச நாளில் வேலையை விட்டார். ஷெட்டில் அதன்பின் டிரைவரை யாரும் கேலி செய்யவில்லை. செய்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மேஜரை ரயிலேற்ற ஜீப் ஓட்டியதும் அவர்தான். பாதி வழியில், “சார், உக்காரச் சொன்னது நான்தான்” என்றார்.

“தெரியும்.”

“தெரிஞ்சுமா சார்...”

“நீ ஆயிரம் சொல்லலாம்ப்பா. கேக்கணுமா வேண்டாமான்னு யோசிக்கத்தான் அவன் தோள்ல நட்சத்திரம் குத்தியிருக்கு.”

“அப்ப என் மேல தப்பில்லைங்களா?”

“அப்படி நான் சொல்லலியே.”

டிரைவர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“சமையல்காரரைப் போய்ப் பாத்தியா?” என்று கேட்டார் மேஜர்.

“இல்ல சார். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது?”

“இருக்கற மூஞ்சியைத்தான். லெப்டினன்ட் லீவு கிடைக்கறப்பல்லாம் ஆஸ்பத்திரிக்குப் பஸ் புடிச்சுப் போறான். இனிமே நீ கூட்டிட்டுப் போ.”

“சரிங்க சார்.”

ஸ்டேஷன் வாசலில் பெட்டியைத் தானே எடுத்துக்கொண்டு இறங்கிய மேஜர், ஜன்னல் பக்கம் குனிந்தார்.

“ஆஸ்பத்திரி வாசல்ல வண்டிக்குள்ளயே உக்காந்திருக்காதே. நீயும் உள்ள போ.”